கடைவாய் மண்

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் வடிந்துவிட்டது. காற்று மட்டும் வடியவில்லை. மேலநீலிதநல்லூர் மானாவாரிக் காட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து சங்கரன்கோவில் வீடுகளுக்குள் கொட்டுவதுதான் அந்தக் காற்றுக்குச் சோலி. பிச்சம்மாள் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுகிற ராட்டைக்கு எதிரே ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தாள். புழுதி ஏறிய நூல் தறிக்குப் போனால் அறுந்துகொண்டே இருக்கும். தறி ஓட்டுகிற புருசன் செல்லச்சாமி அந்த எரிச்சலை எல்லாம் வீட்டுக்குச் சுமந்து வருவான். அப்புறம் அது பெண்டாட்டி தலையில்தான் விடியும்.

மகள் ஆறுமுகத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சிட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயசு. அறுந்த நூலைப் பல்லால் கடித்து, விரல் நுனியில் முடிச்சுப் போட்டு ஓட விடுவதில் அவளுக்கு ஈடாகத் தெருவில் ஆள் கிடையாது. அப்படி ஒரு நூலைக் கடிக்கும்போதுதான் பிச்சம்மாள் பார்த்தாள்.

"ஏட்டி, இங்கன திரும்பு."

"என்னம்மா?"

"வெளிச்சத்துக்குத் திரும்புன்னு சொல்லுதேன்லா. கன்னத்துக்குள்ள என்னத்த ஒதுக்கி வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லையே."

இடது தாடை வலது தாடையைவிடக் கொஞ்சம் உப்பி இருந்தது. பிச்சம்மாள் தொட்டாள். சதை வீக்கம் இல்லை. எலும்பே வீங்கின மாதிரி கெட்டியாக இருந்தது.

"வலிக்கா?"

"வலிக்கல."

"எப்பருந்து இருக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்? நம்ம வீட்டுக் கண்ணாடியில ஒத்தக் கண்ணுதான் தெரியும்."

மகள் சிரித்தாள். தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. வலித்தால் சூத்தைப் பல் என்று கிராம்பை வைத்துவிட்டுப் போய்விடலாம். வலிக்காத வீக்கத்துக்கு அவள் அறிந்த ஒரே சாட்சி, அதே தெருவில் இருந்த சிவனாண்டிதான். அவருக்கும் முதலில் வலிக்கத்தான் இல்லை. புகையிலை போட்டுப் போட்டுத் தாடையில் கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்து எலும்பையே எடுத்துவிட்டார்கள். மனுசர் இப்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் கஞ்சி குடிக்கிறார். அந்த முகத்தில் தன் மகளின் கண்களை வைத்துப் பார்த்துவிட்டது பிச்சம்மாளின் பாழாய்ப்போன மனசு. அன்றைக்கு அதற்கப்புறம் அவள் சுற்றிய தார் எல்லாம் கோணல்தான்.

செல்லச்சாமி வந்ததும் சொன்னாள். அவன் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான். எதற்கும் அவனுக்கு அக்காவைப் பார்த்தால்தான் தன் மனசு என்னவென்று தெரியும். முருகம்மாள் புருசனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். நல்ல மனசு, ஆனால் தொண்டை பெரிசு. அவள் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் தெருமுனையில் பதில் சொல்வார்கள்.

"இதுக்கு எதுக்குல மூஞ்சியத் தொங்கப் போடுத? நாளைக்கே கோயிலுக்குப் போயி புத்துமண் வாங்கியாரேன். கோமதித்தாய் பாத்துக்கிடுவா. ஆனா டாக்டருட்டயும் ஒரு எட்டு காமிச்சிரு. நாளப்பின்ன காமிக்கலன்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது."

அக்கா சொன்னபடியே ஆயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த ஜெயசிங் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. கண்ட பல்லையும் பிடுங்குகிற ஆள் இல்லை அவர்.

"பல்லுல ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. எலும்புலதான் என்னமோ இருக்கு. ராஜபாளையத்துல போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார்.

ராஜபாளையத்துக்குத் தாயும் மகளும் மட்டும் போனார்கள். செல்லச்சாமிக்குத் தறியை விட முடியவில்லை. போகிற வழியெல்லாம் பஸ்ஸுக்குள் புழுதி. மடியில் மதினி முருகம்மாள் கொடுத்த புற்றுமண் பொட்டலம். நெற்றியில் பூசி, ஒரு துளி நாக்கில் வைப்பதுதான் வழக்கம். பிச்சம்மாளுக்கு அந்த ஒரு துளி போதும் என்று தோன்றவில்லை. நோய் தாடைக்குள் இருக்கும்போது மருந்தை நெற்றியில் வைத்தால் எப்படி என்று அவள் கணக்கு ஓடியது. எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக் குழாயடியில் மண்ணைக் குழைத்துச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினாள்.

"இந்தா, வெத்தலைய ஒதுக்குத மாதிரி கடவாயில ஒதுக்கிக்கோ. கரையக் கரைய முழுங்கு. ஆருட்டயும் சொல்லாத, சிரிப்பாவ."

"மண்ணு நறநறங்குதும்மா."

"சாமி மண்ணு, ஒண்ணும் செய்யாது. வாய மூடு."

உள்ளே இருந்த ஆளுக்கு அவசரம். "கரண்டு போயிரும், வெரசலா வாங்க. கம்மலக் கழத்து. தாடையத் தூக்கு. மூச்சு விடாம அசையாம நில்லு" என்று விரட்டினான். ஆறுமுகத்தாய் கம்மலைக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவனும் வாயில் என்ன என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் ஜெயசிங் படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் கையை இறக்கவே இல்லை. பிச்சம்மாளும் செல்லச்சாமியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்கன பாருங்க. பல்லு வேருக்குக் கீழ கருப்பாத் தெரியுதுல்லா, அந்த எடத்துல எலும்பு இல்ல."

"எலும்பு இல்லாம என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான் செல்லச்சாமி.

"தண்ணி இருக்கலாம், ரத்தம் இருக்கலாம், சதை வளந்திருக்கலாம். வெறும் கருப்பா இருந்தாக்கூட நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். உள்ள பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி தெரியுது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல."

"கேன்சரா?"

"அப்பிடின்னு சொல்லல. இல்லன்னு சொல்லுததுக்கும் எனக்குத் தைரியம் இல்ல. நாளக் கடத்தாம பாளையங்கோட்டைக்குப் போங்க. அங்க டாக்டர் செல்வமணின்னு ஒருத்தர் இருக்காரு, நான் அனுப்புனேன்னு சொல்லுங்க."

அந்த வாரம் வீட்டில் உலை வைத்தார்கள், இறக்கினார்கள், அவ்வளவுதான். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஆசையாசையாய்ச் சாப்பிடுகிற செல்லச்சாமி சோற்றில் கோடு போட்டுவிட்டு எழுந்தான். தறிக்கூடத்தில், குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் தீர்ந்தது தெரியாமல் வெறும் தறியை ஓட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆறுமுகத்தாய் மட்டும் எப்போதும் போல நூலைக் கடித்து முடிச்சுப் போட்டாள். அவள் கடிக்கும்போதெல்லாம் பிச்சம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டு அந்தத் தாடையையே பார்த்தாள். "வலது பக்கமாக் கடி" என்று ஒரு தடவை கத்தியேவிட்டாள்.

பாளையங்கோட்டைக்கு நாலு பேருமாகப் புறப்பட்டார்கள். டாக்டர் செல்வமணி நடுவயசுக்காரர், பேச்சு குறைவு. ஐஸ் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, கீழ்வரிசைப் பற்களில் ஒவ்வொன்றாக வைத்தார். வைக்க வைக்க ஆறுமுகத்தாய் தோளைக் குறுக்கினாள்.

"கூசுதா?"

"கூசுது சார்."

"நல்லது. பல்லுக்கு எல்லாம் உசிர் இருக்கு. சொத்தைப் பல்லால வந்த கட்டி இல்ல இது." பழைய படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "வாய நல்லாக் கொப்புளிச்சிட்டு வாம்மா. இங்க ஒரு படம் எடுத்துப் பாப்போம்."

புதுப் படம் ஈரத்தோடு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். கருப்புப் பள்ளம் இரண்டிலும் ஒன்று போலவே இருந்தது. பல் வேர்களுக்கு நடுவே ஏறி இறங்கி அலையலையாகப் போனது. ஆனால் வெள்ளைப் புள்ளிகள் புதுப் படத்தில் இல்லை. ஒன்றுகூட இல்லை.

"இது எப்பிடி?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். முருகம்மாள் அதற்குள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள்.

"எங்கையா சங்கரனாரே! எந்தாயி கோமதி! கண்ணத் தொறந்துட்டியே! ஏலே செல்லச்சாமி, பாத்தியால? மண்ணு வேல செஞ்சிட்டுல்லா!"

செல்லச்சாமி தேம்பி அழுதான். பிச்சம்மாளுக்கும் உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று. அந்த ஒரு நிமிஷம் அவளைப் போலச் சந்தோஷப்பட்ட மனுசி அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது.

டாக்டர் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார். "மொதப் படம் எடுக்கும்போது பிள்ளை வாயில ஏதாவது இருந்துச்சா? வெத்தலை, பாக்கு, அந்த மாதிரி?"

"நல்லாக் கேட்டீய! எங்க வீட்டுக் கொமரு வெத்தலையா போடும்?" என்றாள் முருகம்மாள்.

ஆறுமுகத்தாய் தாயைப் பார்த்தாள். பிச்சம்மாள் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லன்னா, ரெண்டு படத்துல எத நம்புறதுன்னு எனக்குப் புரியல. பழைய படம் சரின்னா இது மோசமான வளர்ச்சியா இருக்கலாம். அந்தப் பக்கத்துத் தாடைய எடுக்குற மாதிரிகூட ஆகலாம். புள்ளையப் பெட்ல சேருங்க. பெரிய டாக்டரக் கலந்துட்டுச் சொல்றேன்."

வெளியே வேப்பமரத்து நிழலில் எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் செல்லச்சாமி வாய் நிறைய அள்ளிச் சாப்பிட்டான்.

"தாடைய எடுக்கணுமாம்லா! சாமி தொடச்சி விட்டத இவன் எதுக்கு வெட்டுதது? சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருவோம்க்கா."

"பொறவு? இங்கன நமக்கென்ன சோலி? போனதும் மாவிளக்கு எடுக்கணும்."

ஆறுமுகத்தாய் சாப்பிடவில்லை. கை கழுவுகிற சாக்கில் தாயைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"எம்மா, அன்னைக்கி மண்ணு கடவாயில இருந்துச்சுல்லா. கரையக்கூட இல்லையே. அதாம்மா படத்துல விழுந்திருக்கு. சார்ட்ட சொல்லிரும்மா."

"சும்மா கெடட்டி."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

அதுவரை அந்தப் பிள்ளை பயம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிச்சம்மாள் குழாயை மூடாமலேயே நின்றாள். சொன்னால் வந்த சாமியைத் தானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின மாதிரி ஆகும். புருசன் முகத்தில் வந்திருக்கிற வெளிச்சம் போய்விடும். மதினி உயிரோடு தின்றுவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே, அவளுக்கே அந்த அற்புதம் வேண்டியிருந்தது. ஆனால் புதுப் படத்திலும் பள்ளம் இருந்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். புள்ளியைத் துடைத்த சாமி, குழியை மட்டும் அப்படியே விட்டுவிட்டா போவார்? தனக்குள்ளே அதைக் கேட்டுவிட்ட பிறகு அவளால் பஸ் ஏற முடியாது.

"வா" என்று மகளின் கையைப் பிடித்தாள்.

மற்ற இருவரும் என்னவோ ஏதோவென்று பின்னாலேயே ஓடிவந்தார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். பிச்சம்மாள் உட்காரவில்லை.

"ஐயா, அன்னைக்கிப் பிள்ளை வாயில மண்ணு இருந்துச்சு. புத்துமண்ணு. நாந்தான் உருட்டிக் கடவாயில வச்சேன். படம் எடுக்கதுவரைக்கும் அது அங்கனதான் கெடந்துச்சு."

முதலில் முருகம்மாளுக்குத்தான் மூச்சு வந்தது.

"ஏ பாதகத்தி! சாமி மண்ணையா குத்தஞ் சொல்லுத? ஒன் நாக்கு அழுவிரும்ட்டி!"

"மண்ணச் சொல்லல மதினி. அதக் கொண்டுபோயி வாயில வச்ச என்னையச் சொல்லுதேன்."

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இன்னும் அந்த மண் இருக்கா?" என்றுதான் கேட்டார். பிச்சம்மாள் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு சிட்டிகையை நனைத்து உருட்டி, புது பிலிம் ஒன்றின் மேல் வைத்து, அதை மட்டும் தனியாக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கழுவிக் கொண்டுவந்து மாட்டினால், அதே வெள்ளைப் பொடி. ஜெயசிங்கை மிரட்டிய அதே புள்ளிகள்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சும்மா. புள்ளியெல்லாம் மண்ணுதான். அப்ப இது வேற சங்கதி. இந்த வயசு, பல்லுக்கெல்லாம் உசிர் இருக்கு, வலி இல்ல, கருப்பு வேருக்கு நடுவுல இப்பிடி ஏறிப்போகுது. எலும்புக்குள்ள வெறும் பொந்து விழுறதும் உண்டு. அபூர்வமாத்தான் பாப்போம். அப்பிடி இருந்தா தாடைய எடுக்க வேண்டாம்."

"அப்பிடி இல்லன்னா?" என்று பிச்சம்மாள் கேட்டாள்.

"தொறந்து பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. மொதல்ல ஊசி குத்தி இழுத்துப் பாப்பேன். ரத்தம் பீறிட்டு வந்தா அது வேற மாதிரி ஆபத்து, கத்திய வைக்க மாட்டேன். வரலன்னா சின்னதா ஒரு ஜன்னல் மாதிரி வெட்டிப் பாப்பேன்."

முருகம்மாள் மண் விழுந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு ஆசை. "சார், அந்தப் படத்த எனக்குத் தருவீயளா? சாமி மண்ணுல்லா, காலுல கையில பட்டுறப்பிடாது." டாக்டர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

செல்லச்சாமி ஊருக்குப் போகவில்லை. ஆனால் பெண்டாட்டியோடு பேசவும் இல்லை. "வீடு தேடி வந்த சாமியத் திருப்பி அனுப்பிட்டா" என்று அக்காவிடம் சொன்னதோடு சரி. காபி வாங்கிவந்தால் மகளுக்குக் கொடுத்தான், அக்காவுக்குக் கொடுத்தான், மூன்றாவது டம்ளரைப் பிச்சம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனான். பிச்சம்மாள் அதைக் குடித்தாள். அவன் பேசாமலே கிடக்கட்டும், பிள்ளை முகம் முழுசாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே ஒழிய, சேலைத் தலைப்பு நனையாத நேரம் இல்லை. தானும் ஒருவேளை தப்பாகச் சொல்லிவிட்டோமோ, ஊசி குத்தினால் ரத்தம் பீறிட்டு வந்துவிடுமோ, அப்படி வந்தால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஆயிரம் யோசனை.

ஆபரேஷனன்று காலையில் வானம் மூட்டமாக இருந்தது. ஆறுமுகத்தாயை உள்ளே கூட்டிப்போனார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, தாடையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்களாம். மூவரும் வராந்தாவில் நின்றார்கள். செல்லச்சாமி சுவரோரம், முருகம்மாள் தூணோரம், பிச்சம்மாள் கதவோரம். உள்ளே தட்டில் இரும்புச் சாமான்கள் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கதவின் மரத்தை நகத்தால் கீறினாள்.

ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். "பிள்ளையோட அம்மா யாரு? டாக்டர் கூப்பிடுதாரு."

செல்லச்சாமியின் முகம் செத்துப்போயிற்று. ஆபரேஷனுக்கு நடுவில் தாயைக் கூப்பிட்டால் வேறு என்ன அர்த்தம்? பிச்சம்மாள் யாரோ நடத்திப்போன மாதிரி உள்ளே போனாள்.

மகள் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தாள். கண் இரண்டும் தாயை நோக்கி உருண்டன. டாக்டர் நிமிராமலே பேசினார்.

"ஊசியில காத்தும் கொஞ்சம் மஞ்சத் தண்ணியுந்தான் வந்துச்சு. தொறந்தாச்சு. உள்ள ஒண்ணும் இல்ல."

பிச்சம்மாள் நம்பவில்லை. சிவனாண்டி வீட்டிலும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"நீங்க எங்கிட்ட மறைக்காம சொன்னீங்க. நானும் மறைக்கல. பக்கத்துல வந்து பாருங்க."

விளக்கைத் திருப்பினார். ஈறை ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள். எலும்பில் ஒரு சின்ன வாசல். அதற்குள் கட்டி இல்லை, சதை இல்லை, சீழ் இல்லை. துடைத்து வைத்த சிப்பி போல வெறும் பொந்து, வெள்ளையாக.

"காலியா இருந்தா ஏன்யா வீங்குச்சு?"

"அது எனக்கும் தெரியாதும்மா. ஒருத்தரும் இன்னும் உறுதியாச் சொல்லல. லேசாச் சுரண்டி விட்டிருக்கேன். ரத்தம் ஊறி உறையும், அதுலருந்து எலும்பு தானா வளந்து மூடிக்கிடும்."

பிச்சம்மாள் குனிந்து மகளின் காதுக்குப் பக்கத்தில் போனாள். "மக்கா, ஒண்ணும் இல்லட்டி. வெறும் பொந்து. ஒன் தாடை ஒனக்குத்தான்." அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக் கையை எடுத்த பிச்சம்மாளுக்கு, இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை ஓவென்று வெடித்துவிட்டது. நர்ஸ் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அழுகைச் சத்தம் அவளுக்கு முன்னாலேயே வராந்தாவுக்குப் போய்விட்டது. முருகம்மாள் தூணைக் கட்டிக்கொண்டு "ஏ எம் பொன்னே, எங் கண்ணே" என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். செல்லச்சாமி தரையில் சரிந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் கூடிவிட்டார்கள். பிச்சம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முட்டின. கடைசியில் புருசனின் முன்னால் குந்தி, அவன் வாயிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. உள்ள ஒண்ணுமில்ல. வெறும் பொந்துதான். எலும்பு வளந்து மூடிக்கிடுமாம்."

செல்லச்சாமி அக்காவைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்து வந்த டாக்டரையும் பார்க்கவில்லை. அத்தனை நாளும் பேசாத பெண்டாட்டியின் முகத்தைத்தான் பார்த்தான்.

"நீ பாத்தியா?"

"எங் கண்ணால பாத்துட்டு வாரேன்."

"அப்பொ சரி" என்றான் செல்லச்சாமி. எழுந்திருக்கத்தான் பார்த்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.